மடிந்துவிட்டால் உள்ளே போக முடியாது: மைட்டோகாண்ட்ரியாவின் வாசலில் நடப்பது

மைட்டோகாண்ட்ரியா என்றதும் பள்ளிப் புத்தகத்தின் ஒரு வரிதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும்: செல்லின் ஆற்றல் மையம். வரியில் தப்பு இல்லை. ஆனால் அதைப் படிக்கிறவருக்கு, மைட்டோகாண்ட்ரியா தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் ஒரு சுதந்திரமான உறுப்பு என்ற எண்ணம் வந்துவிடுகிறது. நிலைமை நேர்மாறானது. மனித மைட்டோகாண்ட்ரியாவில் 1,100-க்கும் மேற்பட்ட வகைப் புரதங்கள் வேலை செய்கின்றன. அவற்றில் மைட்டோகாண்ட்ரியா சொந்தமாகத் தயாரிப்பவை வெறும் 13. மற்றவை அத்தனையும் வெளியே, சைட்டோபிளாசத்தில் தயாராகி, உள்ளே வந்து சேர வேண்டும். கொழுப்பை உடைக்கும் நொதிகளும் அப்படித்தான், டிஎன்ஏவைப் படியெடுக்கும் நொதிகளும் அப்படித்தான். அவ்வளவு ஏன், அந்த 13 புரதங்களைத் தயாரிக்கும் ரைபோசோமுக்கான புரதங்கள்கூட வெளியிலிருந்துதான் வருகின்றன.

இதற்குக் காரணம் பழைய கதை. மைட்டோகாண்ட்ரியாவின் மூதாதை தனியாக வாழ்ந்த ஒரு பாக்டீரியா. 150 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு அது இன்னொரு செல்லுக்குள் புகுந்து அங்கேயே தங்கிவிட்டது. 1967-இல் லின் மார்குலிஸ் இதை விரிவாக எழுதியபோது முகம் சுளித்தவர்கள் பலர். இன்று அது பாடத்திட்டத்தில் இருக்கிறது. தங்கிய பிறகு பாக்டீரியாவின் மரபணுக்களில் பல தொலைந்துபோயின, மிச்சத்தில் பெரும்பகுதி செல்லின் உட்கருவுக்கு இடம் மாறியது. இப்போது நம் மைட்டோகாண்ட்ரியாவிடம் இருப்பது 16,569 எழுத்து நீளமுள்ள ஒரு வட்ட டிஎன்ஏ, அதில் 37 மரபணுக்கள். 24 மரபணுக்கள் ஆர்என்ஏக்களுக்குப் போக, புரதத்துக்கென்று மிஞ்சியவை 13. மரபணு இடம் மாறிவிட்டது, சரி. புரதம் வேலை செய்ய வேண்டிய இடம் மாறவில்லையே! வெளியே தயாராகும் புரதத்தை உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு ஏற்பாடு வேண்டியிருந்தது.

அந்த ஏற்பாட்டைப் புரிந்துகொள்ள, ஆயிரத்துச் சொச்சத்தில் ஒரே ஒரு புரதத்தைப் பின்தொடர்வோம். கல்லீரல் செல்லில் இருக்கும் ஆர்னிதைன் டிரான்ஸ்கார்பமைலேஸ் என்ற நொதி. பெயர் நீளம், இனி ஓடிசி. நாம் சாப்பிடும் புரதம் சிதையும்போது உண்டாகும் அம்மோனியாவை யூரியாவாக மாற்றும் வேலையில் இது ஒரு படி. இந்த நொதி பிறவியிலேயே செயல்படாத குழந்தைகளுக்கு ரத்தத்தில் அம்மோனியா ஏறி மூளை பாதிக்கப்படும். ஓடிசி வேலை செய்யும் இடம் மைட்டோகாண்ட்ரியாவின் உள்ளறை, தயாராவது வெளியே.

தயாராகி வரும்போது அதன் நீளம் 354 அமினோ அமிலங்கள். முதல் 32 மட்டும் தனி ரகம். நொதியின் வேலைக்கும் அந்த 32-க்கும் சம்பந்தமே கிடையாது. அவற்றின் வேலை புரதத்தை உள்ளே கொண்டுபோவது, அவ்வளவுதான். இதை முன்துண்டு என்று வைத்துக்கொள்வோம். ஓடிசியின் முன்துண்டில் நான்கு இடத்தில் அர்ஜினின் என்ற அமினோ அமிலம் வருகிறது. அர்ஜினினுக்கு நேர்மின்சுமை உண்டு. எதிர்மின்சுமை உள்ள அமினோ அமிலம் அந்த 32-இல் ஒன்றுகூட இல்லை. இப்படிப்பட்ட துண்டு சுருளாகத் திரும்பும்போது ஒரு பக்கம் எண்ணெய்த்தன்மையும் மறுபக்கம் நேர்மின்சுமையுமாக அமையும். மைட்டோகாண்ட்ரியாவின் வாசலில் அடையாளம் காணப்படுவது இந்த இரட்டைத் தன்மைதான். முன்துண்டுகளின் எழுத்து வரிசை புரதத்துக்குப் புரதம் மாறும். எல்லாவற்றுக்கும் பொதுவான வரிசை ஏதாவது இருக்கும் என்று தேடிப் பயனில்லை. பொதுவாக இருப்பது வடிவமும் மின்சுமையும்தான். ஓடிசியின் முன்துண்டில் உள்ள அர்ஜினின்களை மாற்றினால் என்ன ஆகும் என்று 1985-இல் அமெரிக்காவில் ஆர்த்தர் ஹார்விச்சும் உடன் வேலை செய்தவர்களும் சோதித்தார்கள். அர்ஜினின் போனதும் உள்ளே போகும் திறனும் போய்விட்டது.

புரதத்துக்குள்ளேயே அது போக வேண்டிய இடம் எழுதப்பட்டிருக்கிறது என்ற கருத்துக்காக குந்தர் புளோபெல் 1999-இல் நோபல் பரிசு பெற்றார். அவர் முதன்மையாக ஆராய்ந்தது செல்லின் வேறொரு பகுதியை. மைட்டோகாண்ட்ரியா பக்கம் இந்தத் துறையை வளர்த்தவர்கள் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் காட்ஃபிரீட் ஷாட்ஸ், ஜெர்மனியின் மியூனிக்கில் வால்டர் நாய்ப்பெர்ட், அப்புறம் ஃபிரைபுர்க்கில் நிகோலாஸ் ஃபான்னர். இவர்கள் பெரும்பாலும் வேலை செய்தது ஈஸ்ட் செல்களில். ரொட்டி உப்பப் போடுகிறோமே, அதே ஈஸ்ட்.

பாசெலில் நடந்த இரண்டு சோதனைகளைச் சொல்லியே ஆக வேண்டும். முதல் சோதனை 1984-இல். எலியின் டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் என்ற நொதியை எடுத்துக்கொண்டார்கள். அது சைட்டோபிளாசத்தில் இருக்க வேண்டிய நொதி, மைட்டோகாண்ட்ரியாவோடு அதற்கு எந்த உறவும் இல்லை. அதன் முன்னால் ஒரு ஈஸ்ட் மைட்டோகாண்ட்ரியப் புரதத்தின் முன்துண்டை ஒட்டினார்கள். பிரித்தெடுத்த மைட்டோகாண்ட்ரியாவோடு கலந்தபோது எலி நொதி நேராக உள்ளறைக்குப் போய்விட்டது. போக வேண்டிய இடத்தைத் தீர்மானிக்க முன்துண்டு மட்டுமே போதும் என்று தெரிந்தது.

எனக்கு அதைவிடப் பிடித்தது 1986-இல் மார்ட்டின் ஐலர்ஸும் ஷாட்ஸும் செய்த இரண்டாவது சோதனை. மெத்தோட்ரெக்சேட் மாத்திரையைப் பலருக்குத் தெரிந்திருக்கும். முடக்குவாதத்துக்கு வாரம் ஒரு முறை கொடுப்பார்கள். அந்த மருந்து போய் ஒட்டுவது மேலே சொன்ன அதே நொதியில்தான். ஒட்டிக்கொண்டால் நொதி தன் மடிப்பை, அதாவது அமினோ அமிலச் சங்கிலி மடங்கிச் சுருண்டு எடுத்த வடிவத்தை, விடாமல் இறுகிப்போகும். முன்துண்டு ஒட்டிய எலி நொதியோடு மெத்தோட்ரெக்சேட்டைச் சேர்த்து மைட்டோகாண்ட்ரியாவிடம் கொடுத்தார்கள். முன்துண்டு அப்படியே இருக்கிறது, வாசலும் இருக்கிறது. ஆனாலும் நொதி உள்ளே போகவில்லை. இதிலிருந்து கிடைத்த முடிவு: உள்ளே போக வேண்டுமானால் புரதம் மடிப்பு அவிழ்ந்து நீள வேண்டும். ஊசிக் காதில் நூல்தான் போகும், நூல்கண்டு போகாது. இந்த ஒரு விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் சிறுநீரகக் கல் கதைக்கு இதுதான் சாவி.

ஓடிசிக்குத் திரும்புவோம். அது ரைபோசோமிலிருந்து வெளிவந்ததும், அவசரப்பட்டு மடிந்துவிடாமல் துணைப் புரதங்கள் அதைப் பிடித்துக்கொள்கின்றன. மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளிச்சவ்வு, உட்சவ்வு என்று இரண்டு சவ்வுகள். வெளிச்சவ்வில் உள்ள நுழைவாயிலை டாம் என்கிறார்கள். அதில் டாம் 20 என்ற பகுதி முன்துண்டின் எண்ணெய்ப் பக்கத்தைப் பற்றும், டாம் 22 மின்சுமைப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும், துளையாக இருப்பது டாம் 40. துளையின் அகலம் சுமார் 2 நானோமீட்டர். அமினோ அமிலச் சுருள் ஒன்று அதில் நுழையலாம், முழுதாக மடிந்த ஒரு நொதி நுழைய இடமில்லை.

அடுத்து உட்சவ்வு. அங்கே இருப்பது டிம் 23 என்ற நுழைவாயில். இங்கே ஒரு அழகான விஷயம் நடக்கிறது. மைட்டோகாண்ட்ரியா ஆற்றல் தயாரிப்பதற்காக உட்சவ்வின் இரு பக்கமும் ஒரு மின்னழுத்த வேறுபாட்டை வைத்திருக்கிறது. உட்புறம் எதிர்மின், அளவு சுமார் 0.15 வோல்ட். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் சவ்வின் தடிமன் சில நானோமீட்டர்தான் என்பதால், அந்த இடத்து மின்புலம் காற்றில் தீப்பொறி பறக்கத் தேவையானதைப் போலப் பல மடங்கு வலுவானது. நேர்மின்சுமை உள்ள முன்துண்டை அந்த மின்புலம் உள்ளே இழுக்கிறது. ஓடிசியின் நான்கு அர்ஜினின்களுக்கும் எதிர்மின்சுமை இல்லாமைக்கும் இங்கேதான் அர்த்தம் கிடைக்கிறது.

முன்துண்டு உள்ளே போய்விட்டது. பின்னால் வரும் 322 அமினோ அமிலங்களுக்கு மின்புலம் உதவாது. உள்ளறையில் ஹெச்எஸ்பி 70 என்ற புரதம் வந்து நுனியைப் பிடித்துக்கொள்கிறது. செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் செலவழித்து, கொஞ்சம் வந்ததும் இன்னொரு ஹெச்எஸ்பி 70 பிடிக்க, இப்படி முழுச் சங்கிலியும் உள்ளே வருகிறது. இது உண்மையிலேயே இழுக்கிறதா, அல்லது தானாக ஆடி உள்ளே வந்த பகுதியைத் திரும்பிப் போகவிடாமல் பிடித்துவைக்கிறதா என்று இந்தத் துறைக்காரர்கள் பல வருடம் சண்டை போட்டார்கள். டிம் 23 நுழைவாயிலைப் பற்றியும் சமீபத்தில் ஒரு திருப்பம். புரதம் கடந்துபோகும் வழி டிம் 23 என்ற பகுதி என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். அதன் பக்கத்தில் இருக்கும் டிம் 17-தான் அந்த வழி என்று 2023-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. பெயர் மட்டும் பழையபடி நிற்கிறது.

உள்ளே வந்ததும் முன்துண்டை வெட்டி எடுக்க நொதிகள் இருக்கின்றன. ஓடிசிக்கு இரண்டு வெட்டு: முதலில் 24 அமினோ அமிலங்கள், பிறகு மீதி 8. கடைசியாக மடிய வேண்டும். தானாக மடிந்துகொள்ளும் என்றுதான் அதுவரை பலரும் நினைத்திருந்தார்கள். ஹார்விச் மனித ஓடிசியை ஈஸ்ட்டுக்குள் வைத்து, அது சரியாக வேலை செய்யாத ஈஸ்ட் வகைகளைத் தேடினார். ஒரு வகையில் ஓடிசி உள்ளே வந்தது, முன்துண்டு வெட்டுப்பட்டது, ஆனால் நொதி வேலை செய்யவில்லை. அந்த ஈஸ்ட்டில் கெட்டிருந்தது ஹெச்எஸ்பி 60 என்ற புரதம். பீப்பாய் போன்ற அதன் குழிக்குள்தான் மற்ற புரதங்கள் மடிகின்றன. புரதங்கள் மடிவதற்கும் உதவி தேவை என்று 1989-இல் உறுதிப்பட்டது மைட்டோகாண்ட்ரியாவின் வழியாகத்தான்.

எல்லாப் புரதமும் இந்தப் பாதையில் வருவதில்லை. உட்சவ்விலேயே பதிய வேண்டியவைக்கு டிம் 22, வெளிச்சவ்வில் பீப்பாய் வடிவில் பதிபவைக்கு சாம், இரண்டு சவ்வுக்கும் நடுவில் தங்குபவைக்கு மியா என்று தனித்தனி வழிகள் உண்டு. பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். இவற்றில் பலவற்றுக்கு முன்துண்டே கிடையாது, அடையாளம் புரதத்தின் நடுவிலேயே இருக்கும் என்பதை மட்டும் தெரிந்துகொண்டால் போதும்.

சரி, இதற்கும் நம் உடல்நலத்துக்கும் என்ன தொடர்பு?

முதலில், வழித்துணைப் புரதமே கெட்டுப்போவது. நார்வேயில் ஒரு குடும்பத்தில் ஆண் குழந்தைகளுக்குச் சிறு வயதிலேயே காது கேட்காமல் போவதை 1960-இல் பதிவு செய்தார்கள். வெறும் செவித்திறன் குறைபாடு என்றே அது வகைப்படுத்தப்பட்டது. 1995-இல் லிஸ்பெத் டிரானெப்யார்க்கும் சக ஆய்வாளர்களும் அதே குடும்பத்தை மறுபடி பரிசோதித்தபோது, காது கேளாமைக்குப் பிறகு தசைகள் கட்டுப்பாடின்றி முறுக்கிக்கொள்வதும், பார்வை மங்குவதும், மனநலப் பாதிப்பும் வருவது தெரிந்தது. அடுத்த ஆண்டு எக்ஸ் குரோமோசோமில் காரணமான மரபணு கிடைத்தது. அது என்ன வேலை செய்கிறது என்று அப்போது யாருக்கும் புரியவில்லை. 1999-இல் ஈஸ்ட்டில் இதற்கு இணையான புரதத்தை ஆராய்ந்தவர்கள்தான், இரண்டு சவ்வுகளுக்கு நடுவே எண்ணெய்த்தன்மையுள்ள புரதங்களைக் கைப்பிடித்துக் கடத்தும் டிம் 8 இது என்று கண்டுபிடித்தார்கள். ரொட்டி ஈஸ்ட்டில் செய்த வேலை ஒரு நார்வேக் குடும்பத்தின் காது கேளாமையை விளக்கியது.

இரண்டாவது, புரதம் தவறான இடத்துக்குப் போய்விடுவது. ஏஜிடி என்ற கல்லீரல் நொதி இருக்க வேண்டிய இடம் மைட்டோகாண்ட்ரியா இல்லை, பெராக்சிசோம் என்ற வேறொரு உறுப்பு. அங்கே உண்டாகும் கிளையாக்சிலேட்டை அது கிளைசினாக மாற்றிவிடும். மாற்றாவிட்டால் கிளையாக்சிலேட் ஆக்சலேட் ஆகி, கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தில் கல்லாகப் படியும். இதன் பிறவி நோய் வடிவத்தில் சிறுநீரகமே செயலிழந்துபோகலாம். கீரையையும் தக்காளியையும் நிறுத்தினால் சரியாகும் கல் இல்லை இது. ஆக்சலேட்டைத் தயாரிப்பதே நோயாளியின் கல்லீரல்தான்.

1980-களின் கடைசியில் லண்டனில் கிறிஸ்டோஃபர் டான்பியூர் இந்த நோயாளிகள் சிலரின் கல்லீரலில் விசித்திரமான ஒன்றைப் பார்த்தார். ஏஜிடி இருக்கிறது, வேலை செய்யும் நிலையிலும் இருக்கிறது. இருக்கும் இடம்தான் மைட்டோகாண்ட்ரியா. கிளையாக்சிலேட் ஓரிடத்தில், நொதி வேறிடத்தில். காரணம் இரண்டு மாற்றங்களின் கூட்டு. ஒன்று, புரதத்தின் 11-ஆவது அமினோ அமிலம் மாறியிருப்பது. இது மக்களிடையே சாதாரணமாகக் காணப்படுவது, தனியாக இருந்தால் நோய் தராது. ஆனால் அந்த மாற்றத்தால் புரதத்தின் தொடக்கப் பகுதிக்கு மைட்டோகாண்ட்ரிய முன்துண்டின் சாயல் கொஞ்சம் வந்துவிடுகிறது. அப்படியும் ஏஜிடி பெரும்பாலும் மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போகாது. ஏனென்றால் அது மளமளவென்று மடிந்து இரண்டிரண்டாகச் சேர்ந்துவிடும், மடிந்தது வாசலில் நுழைய முடியாது. இரண்டாவது மாற்றம் 170-ஆவது இடத்தில். அது இந்த மடிப்பையும் சேர்க்கையையும் தாமதப்படுத்துகிறது. அந்தத் தாமதத்தில் புரதம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இழுபட்டுப் போகிறது. மெத்தோட்ரெக்சேட் சோதனையை அப்படியே தலைகீழாக்கினால் இந்த நோய்.

இந்த மாற்றம் உள்ள நோயாளிகளில் பலருக்கு வைட்டமின் பி6 பலன் தரும். பி6-இலிருந்து வரும் ஒரு மூலக்கூறு ஏஜிடியோடு இணைந்து, அது நிலையாக மடிய உதவுகிறது. மடிந்தால் பெராக்சிசோமுக்குப் போகும். எல்லாச் சிறுநீரகக் கல்லுக்கும் பி6 மாத்திரை என்று இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. எந்த மாற்றம் என்று மரபணுச் சோதனையில் பார்த்த பிறகு மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவு அது. இன்னொரு சுவையான செய்தி: பூனை போன்ற ஊனுண்ணிகளுக்கு ஏஜிடி பெரும்பாலும் மைட்டோகாண்ட்ரியாவில்தான் இருக்கிறது. இறைச்சியிலிருந்து வரும் கிளையாக்சிலேட் அங்கே உண்டாவதால் அவற்றுக்கு அதுவே சரியான இடம். நம் மூதாதைகள் தாவர உணவுக்காரர்கள், ஆகவே நமக்குப் பெராக்சிசோம்.

மூன்றாவது வகையை நான் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம், அங்கே உள்ளே போக முடியாமல் நிற்பதே ஒரு செய்தியாகிறது. பிங்க்1 என்ற புரதம் ஆரோக்கியமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் வழக்கம்போல முன்துண்டோடு நுழையும், உட்சவ்வில் வெட்டுப்படும், உடனே அழிக்கப்படும். எனவே நல்ல மைட்டோகாண்ட்ரியாவில் பிங்க்1 இருப்பதே தெரியாது. பழுதான மைட்டோகாண்ட்ரியாவில் உட்சவ்வின் மின்னழுத்தம் விழுந்துவிடும். முன்துண்டை இழுக்க ஆள் இல்லை. பிங்க்1 டாம் வாசலிலேயே சிக்கி, வெளிச்சவ்வில் குவிகிறது. குவிந்ததும் பார்க்கின் என்ற இன்னொரு புரதத்தை அது கிளப்பிவிட, அந்த மைட்டோகாண்ட்ரியா முழுவதும் குறியிடப்பட்டு, செல் அதைச் சிதைத்து அப்புறப்படுத்துகிறது. மைட்டோகாண்ட்ரியாவின் நலத்தை அளக்கத் தனிக் கருவி எதுவும் செல் வைத்துக்கொள்ளவில்லை. புரதம் உள்ளே போகிறதா என்று பார்த்தாலே போதும்.

பார்க்கின் மரபணு 1998-இல் ஜப்பானிய ஆய்வாளர்களாலும், பிங்க்1-இன் பங்கு 2004-இலும் தெரியவந்தன. இரண்டுமே இளம் வயதில் வரும் பார்க்கின்சன் நோயோடு சேர்ந்து. பார்க்கின்சன் நோயாளிகளில் பெரும்பாலோருக்கு இந்த மரபணுக் குறைபாடு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் நரம்பு செல்களில் கெட்ட மைட்டோகாண்ட்ரியா தேங்கினால் என்ன ஆகும் என்பதற்கு இது நேரடிச் சாட்சி. பிங்க்1 டாம் வாசலில் எப்படி நிற்கிறது என்ற படம் 2025-இல்தான் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னிலிருந்து வெளியானது. இந்தக் குறியிடலைத் தூண்டிவிடும் மருந்துகளைத் தேடுகிறவர்களுக்கு அந்தப் படம் மிகவும் தேவைப்பட்டது. இதற்கிடையில் ‘மைட்டோகாண்ட்ரியாவை வலுப்படுத்தும்’ என்று விற்கும் மாத்திரைகளும் பொடிகளும் ஏராளம். அவற்றின் விளம்பரங்களை நான் நம்புவதில்லை. மேலே சொன்ன நுழைவாயில்களில் ஒன்று பிறவியிலேயே கெட்டிருந்தால் அதைச் சத்துப்பொடி சரிசெய்யாது.

கடைசியாக, இந்த அறிவை வைத்து ஒரு சிகிச்சை முயற்சி. லெபர் நோய் என்ற பரம்பரைப் பார்வை நரம்பு நோயில், பெரும்பாலும் இளம் ஆண்களுக்கு, முதலில் ஒரு கண்ணிலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ மறு கண்ணிலும் நடுப்பார்வை போய்விடும். மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த டிஎன்ஏவில் 11,778-ஆவது எழுத்து மாறியிருப்பது இதன் முக்கியக் காரணங்களில் ஒன்று என்று 1988-இல் டக்ளஸ் வாலஸ் குழு கண்டது. பாதிக்கப்படுவது அந்த 13 புரதங்களில் ஒன்றான என்டி4. மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏவுக்குள் புது மரபணுவைக் கொண்டுபோவது கடினம். அதனால் வேறு வழியை யோசித்தார்கள்: என்டி4 மரபணுவை ஒரு வைரஸின் மூலம் விழித்திரை நரம்பு செல்களின் உட்கருவுக்கு அனுப்பி, புரதத்தின் முன்னால் ஒரு முன்துண்டை ஒட்டிவிடுவது. பரிணாமம் கோடிக்கணக்கான வருடத்தில் செய்ததை ஒரு ஊசியில் செய்து பார்ப்பது. மைட்டோகாண்ட்ரியாவின் மரபுக் குறியீட்டில் சில எழுத்துக்கூட்டங்களுக்கு அர்த்தமே வேறு என்பதால் மரபணுவைத் திருத்தியும் எழுத வேண்டியிருந்தது.

நோயாளிகளின் ஒரு கண்ணில் மருந்தும் மறு கண்ணில் வெறும் பாவனை ஊசியும் என்று சோதனை நடந்தது. எதிர்பாராத விதமாக இரண்டு கண்களிலும் பார்வை ஓரளவு முன்னேறியது. குரங்குகளில் பார்த்தபோது ஒரு கண்ணில் செலுத்திய வைரஸின் டிஎன்ஏ மறு கண்ணிலும் தென்பட்டது. ஒப்பிட வைத்திருந்த கண்ணே மாறிவிட்டதால் பலனை அளப்பது சிக்கலாகி, ஐரோப்பிய அனுமதிக்கான விண்ணப்பத்தை 2023-இல் திரும்பப் பெற்றார்கள். அடிப்படைக் கேள்வி ஒன்றும் பாக்கி இருக்கிறது. என்டி4 என்பது அளவுக்கு மீறிய எண்ணெய்த்தன்மை கொண்ட புரதம், அதனால் தண்ணீரான சைட்டோபிளாசத்தில் தயாரானதும் சுருண்டு ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். அந்தக் குணத்தால்தான் இந்த 13 மட்டும் உட்கருவுக்குப் போகாமல் மைட்டோகாண்ட்ரியாவிலேயே தங்கிவிட்டன என்று சொல்கிறவர்களும் உண்டு. முன்துண்டு ஒட்டிவிட்டாலும், வெளியே தயாராகும் என்டி4 உண்மையில் வாசலைத் தாண்டி உட்சவ்வில் தன் இடத்தில் போய்ப் பொருந்துகிறதா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒரே கருத்து ஏற்படவில்லை.